உபயக் கல்

குன்னூர்,
8-7-1945, ஞாயிறு

அண்ணி அவர்களுக்கு,

ஜெகநாதன் வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்கள் சுகமா, அம்மு சுகமா என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்று அண்ணன் பெயரைப் பார்த்தேன். ஆளை இல்லை, பெயரை.

சாலையோரத் தடுப்புச் சுவர் கட்ட இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. அன்றைக்கெல்லாம் இந்த ஊரில் எங்கெங்கே கல் வேலை நடந்திருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இன்று மேட்டின் மேல் இருக்கும் வெள்ளைக்காரர் கல் கோவிலுக்குப் போனேன். கட்டி நூறு வருஷம் ஆயிற்றாம். நம் நைனா உயிரோடு இருந்து அந்தச் சுவரைப் பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நகம் நுழையாது.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். எனக்கு முன்னால் ஒரு துரை பூட்ஸ் காலோடு உள்ளே போனார். திகைத்துப் போய்விட்டேன். உள்ளே மூலவரைத் தேடினேன், இல்லை. பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள், ஜன்னலில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. சுவர் முழுக்க உபயக் கல். நம் முருகன் மலையில் படிக்கு உபயம் கொடுத்தவர்கள் பெயரைப் படியிலேயே வெட்டுகிறோம், பக்தர்கள் கால் தூசி பேரில் பட்டால் புண்ணியம் என்று. இவர்கள் ஒருவர் காலும் படாமல் கண்ணுக்கு நேரே சுவரில் பதித்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

கதவோரத்தில் ஒரு சின்னக் கறுப்புக் கல். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் எழுத்து தெரியும். அரக்கோணத்து ரயில்வே ஆபீசர்கள் பெயரைப் படியில் வெட்டுவதற்காக அண்ணன்தான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார். எழுத்துக் கூட்டினேன். கோதண்டபாணி என்று வந்தது. மறுபடி கூட்டினேன். அதற்குக் கீழே நம் ஊர் ஸ்டேஷன் போர்டில் இருக்கிற அதே எழுத்துகள். திருத்தணி.

வேறு யாராவது கோதண்டபாணியாக இருக்கும் என்று வெளியே வந்து கோபுரத்தைப் பார்த்தேன். மூலையில் ஒரு வரிசை புதுக்கல். உளித்தடம் எல்லாம் மறுபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அண்ணன் இடக்கைக்காரர். அந்தத் தடத்தைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவிச் சொல்லிவிடுவேன்.

அண்ணி, அவர் இங்கே வந்து பெரிய ஆளாகிவிட்டார். வெள்ளைக்காரர் கோவிலுக்கு உபயம் கொடுக்கும் அளவுக்கு. நீங்கள் அங்கே விபூதிப் பொட்டலம் மடித்துப் பிழைக்கிறீர்கள், இவர் இங்கே வேறு சாமிக்குக் கல் பதிக்கிறார். மூன்று வருஷத்தில் ஒரு கார்டு போடக் கை வரவில்லை. யாரிடமும் விசாரிக்காமல் வந்துவிட்டேன். பூஜைக்கு மணி அடித்துவிட்டார்கள், கார்களில் வந்து இறங்கினார்கள். நேரம் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அவ்வளவு கோபம்.

உங்களுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று சாயங்காலம் வரை யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

ஜெகநாதன்


திருத்தணி,
ஆனி 29

தம்பி ஜெகநாதா,

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அதே வாயில் இரண்டு அறையும் கொடுக்க வேண்டும். இப்படி ஒரு செய்தியை எழுதிவிட்டு அவர் மேல் கோபம் என்று ஒரு பக்கம் முழுக்கப் புலம்பியிருக்கிறாயே, நீ என்ன ஆண்பிள்ளை!

உயிரோடு இருக்கிறார். அதைச் சொல்லத் தெரியவில்லை உனக்கு.

கடிதத்தைப் படித்ததும் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உலையில் அரிசி குழைந்து போயிற்று. அம்மு வந்து, "ஏம்மா அழுதுகினு சிரிக்கிற?" என்று கேட்கிறாள். நைனா கிடைத்துவிட்டார் என்றேன். அவர் போகும்போது அவளுக்கு நாலு வயசு, முகம்கூட நினைவில்லை. ஆனால் தெருவெல்லாம் ஓடிச் சொல்லிவிட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. மூன்று வருஷமாக என் நெற்றியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்ட பக்கத்து வீட்டு ரத்தினம்மாளிடம் முதலில் போனேன். "எத்தினி நாளுக்குமா இந்தப் பொட்டு? ஊர் என்னா பேசுது தெரியுமா?" என்று போன தை மாதம்தான் கேட்டாள். இன்று அவள் கையில் ஒரு பிடி சர்க்கரையைக் கொட்டினேன். "எங்க ஊட்டுக்காரரு குன்னூர்ல கோயிலுக்கு உபயம் குடுத்துக்கினு இருக்காரு"ன்னு சொன்னேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பள்ளிப்பட்டில் தறி நெய்யும் என் அண்ணன் தங்கவேலுக்கும் ஆள் சொல்லியனுப்பிவிட்டேன். அவன் வருஷத்துக்கு இரண்டு தரம் வந்து, "போதும் தேவகி, கெளம்பி வா, இனிமே அவரு வரமாட்டாரு" என்று அழுதுவிட்டுப் போவான். இனி அழட்டும் பார்க்கலாம்.

மதம் மாறிவிட்டாரோ என்று உனக்குக் கவலை. மாறட்டுமே. ஞாயிற்றுக்கிழமை அங்கே போகட்டும், கிருத்திகைக்கு இங்கே வரட்டும். இன்னொரு குடும்பம் வைத்திருந்தால்தான் சண்டை போடுவேன். அதையும் நேரில் போடுவேன்.

ஒன்று கேட்கிறேன். எத்தனையோ ஊரில் சுவர் வேலை இருக்க, நீ ஏன் தேடிப்பிடித்துக் குன்னூருக்குப் போனாய்? முருகன்தான் உன்னைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். அவருடைய சேதி வந்தால் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பதாக வேண்டியிருந்தேன். எடுக்கப் போகிறேன்.

அந்தக் கல்லில் வேறு என்ன எழுதியிருக்கிறது? எந்தத் தெரு, எந்த வருஷம், ஏதாவது இருக்கும். நீங்கள் கல்வெட்டுக்குக் காகிதம் வைத்துக் கரி தேய்த்துப் படி எடுப்பீர்களே, அப்படி எடுத்து அனுப்பு. இங்கே ஸ்டேஷனில் கிளார்க் நாகேந்திரன் இங்கிலீஷ் படிப்பார். வீட்டைக் கண்டுபிடித்துப் போய் நில். அவரை ஏசாதே. "அம்மு ரெண்டாங் கிளாஸ் போறா" என்று மட்டும் சொல். மற்றது தானாக நடக்கும்.

உன் அண்ணி தேவகி


குன்னூர்,
22-7-1945

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டபடி படி எடுத்த காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நல்ல காகிதம் கிடைக்கவில்லை, யுத்தத்தில் எல்லாம் போயிற்று. சிமெண்ட் மூட்டையின் உள்தாளில் எடுத்தது. ஓரம் கிழிந்திருக்கிறது, எழுத்து சேதமில்லை. ஒரு எழுத்து விடாமல் விழுந்திருக்கிறது.

எடுக்கும்போது அங்கே பெருக்குகிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவளைக் கேட்கலாம் என்று கிட்டே போனேன். கேட்டால் நீ யார் என்று கேட்பாள். தம்பி என்று சொல்ல வேண்டும். அது எனக்கு வரவில்லை. அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் தேய்த்துச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடைத்தெருவில் கேட்டேன், காண்டிராக்டர்களைக் கேட்டேன். கோதண்டபாணி என்று ஒரு பணக்காரரை யாருக்கும் தெரியவில்லை.

ஒரு விஷயம் கவனித்தேன். அந்தச் சுவரில் இருக்கும் எல்லாக் கல்லிலும் முதல் வரி ஒரே எழுத்துகள்தான். அண்ணன் கல்லிலும் அதே. அவர்கள் பாஷையில் உபயம் என்று அர்த்தமாக இருக்கும். அதற்குக் கீழே பெயர், அப்புறம் வருஷம். அண்ணன் கல்லில் 1942 என்று இருக்கிறது. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஐப்பசியில் ஊரை விட்டுப் போன மனிதர் அந்த வருஷம் முடிவதற்குள் உபயம் கொடுக்க எங்கே சம்பாதித்தார்?

நீங்கள் சந்தோஷமாக எழுதிய கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்களிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். அண்ணனைப் பார்த்தால் அவரே சொல்லிவிடுவார். அதற்கு முன் நானே சொல்கிறேன்.

இரண்டாம் மண்டபத்துக்கு மேலே ஏழாவது படி. உடைந்த படிகளை மாற்றினோமே, அப்போது அதற்கு உபயதாரர் யாரும் இல்லை, தேவஸ்தானச் செலவு. வெறும் கல்லாகக் கிடந்தது. அதன் மூலையில் அண்ணன் தன் பெயரை வெட்டினார். நாலணாக் காசு அகலம்கூட இல்லை. செதுக்குகிறவன் பெயரைக் கல்லில் போடுகிற வழக்கம் நமக்குக் கிடையாது, நைனா இருபது வருஷம் படி செதுக்கியும் போட்டதில்லை. நீங்கள் இதுவரை பங்காரு மேஸ்திரி தானாகவே பார்த்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. நான் சொன்னேன்.

அன்று காலையில் எனக்கும் அவருக்கும் ஒரு உளிக்காகச் சண்டை. அந்த ஆத்திரத்தில் சொன்னேன். மேஸ்திரி எல்லாருக்கும் எதிரில் அவரை நிறுத்தி, "கோடீஸ்வரன் ஊட்டு உபயமா இது?" என்று கேட்டார். பிறகு உளியை என் கையில் கொடுத்து, "நீயே அழிடா" என்றார். அழித்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். வேலை முடிந்ததும் படியைத் துடைத்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் இங்கே சுவரில் அவர் பெயரைப் பார்த்ததும் அப்படி எரிந்தது. எனக்குக் காட்டுவதற்காகவே பதித்திருக்கிறார் என்று நினைத்தேன். என்னை ஏசி எழுதுங்கள்.

ஜெகநாதன்


திருத்தணி,
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்

தம்பி,

நாகேந்திரன் படித்துவிட்டார்.

உன் காகிதம் போன வாரமே வந்தது. கிருத்திகைக் கூட்டம், ஸ்பெஷல் ரயில்கள், ஸ்டேஷனில் யாரிடமும் பேச முடியவில்லை. சரி, சாமி காலில் வைத்துவிட்டே படிக்கக் கொடுப்போம் என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நேற்று காவடி எடுத்தேன். சாமந்தியும் கதம்பமும் கட்டியது, தோளில் கனமே தெரியவில்லை. நீ சொன்ன அந்த ஏழாவது படியிலும் கால் வைத்துத்தான் போனேன். உன் மேல் கோபம்தான், ஆனால் அவர் கிடைத்துவிட்டார், இனி என்ன என்று இருந்தது. சந்நிதியில் குருக்கள் காகிதத்தை வாங்கிச் சாமி பாதத்தில் வைத்துக் கொடுத்தார்.

கீழே இறங்கி, தலையில் பூவோடு, அம்முவையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். நாகேந்திரன் டிக்கெட் கொடுத்துக்கொண்டே காகிதத்தை வாங்கினார். படித்தார். என்னைப் பார்த்தார். என் தலையில் இருந்த பூவைப் பார்த்தார். ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். வெளியே அத்தனை பேர் சீட்டுக்குக் கத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

"இதை யாரும்மா உனக்குக் குடுத்தது?" என்றார்.

"என் கொழுந்தன். உபயக் கல்லுங்க. எந்தத் தெருன்னு போட்டிருக்குதா?"

"பாப்பாவ அந்தாண்ட அனுப்புமா" என்றார். நான் அனுப்பவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு மறக்காது. "இந்தக் கோபுரத்தைச் செப்பனிடும்போது விழுந்து இறந்த திருத்தணி கல் தச்சர் கோதண்டபாணியின் நினைவாக. 1942 நவம்பர் 28. இந்தச் சபையார் வைத்தது."

எல்லாக் கல்லிலும் ஒரே மாதிரி முதல் வரி என்று எழுதினாயே, அது உபயம் இல்லை, ஜெகநாதா. நினைவாக என்று அர்த்தமாம். அந்தச் சுவரில் இருக்கிற அத்தனை பேரும் செத்துப் போனவர்களாம். அவர்கள் ஊரில் செத்த பிறகுதான் கல்லில் பேர் வெட்டுவார்களாம். நமக்கு யார் சொன்னார்கள்? நான் எப்படி நினைப்பேன்? பேர் இருக்கிறது என்றால் ஆள் இருக்கிறார் என்றுதானே நினைத்தேன்.

நவம்பர் 28 என்றால் கார்த்திகை தீபம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தத் தீபத்துக்கு அகல் ஏற்றும்போது, "எங்க போய்த் தொலஞ்சாரோ" என்று சொல்லித்தான் ஏற்றினேன். மூன்று வருஷமாக அவர் இல்லை. நான் மூன்று வருஷமாக அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சேதி கேட்டால் தலை முழுக வேண்டுமே. ஸ்டேஷனிலிருந்து நேராகச் சரவணப் பொய்கைக்குப் போனேன். ஆயிரம் பேர் முழுகிக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கிக் கட்டின புடவையோடு முழுகினேன். பக்கத்தில் ஒரு அம்மாள், "வேண்டுதலாம்மா?" என்று கேட்டாள். "ஆங்" என்றேன். என் தலையில் இருந்த பூ தண்ணீரில் போனதை யாரும் கவனிக்கவில்லை.

இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்முவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது, நேற்றிலிருந்து என் முந்தானையை விடமாட்டேன் என்கிறாள். இன்று காலை கை தானாகப் போய்ப் பொட்டு வைத்துக்கொண்டது. ரத்தினம்மாள் வந்து எப்போது குன்னூர் கிளம்பப் போகிறாய் என்று கேட்டுவிட்டுப் போனாள். சர்க்கரை கொடுத்த கையால் இப்போது என்ன கொடுப்பேன்?

போய்க் கேள். அந்தப் பெருக்குகிற அம்மாளைக் கேள். எப்படி விழுந்தார், எங்கே வைத்தார்கள், நெற்றியில் விபூதி இட்டார்களா. முக்கியமாக ஒன்று கேள். திருத்தணி என்று கல்லில் வெட்டத் தெரிந்தவர்களுக்குத் திருத்தணிக்கு ஒரு கார்டு எழுதத் தெரியவில்லையா? ஏன் எனக்குச் சொல்லவில்லை?

தேவகி


குன்னூர்,
12-8-1945

அண்ணி,

கேட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படியுங்கள். படித்த பிறகு என்னை எதுவும் செய்யலாம்.

பெருக்குகிற அம்மாள் பெயர் ஞானம்மாள். ஆற்காட்டுப் பக்கம், நம் பேச்சுத்தான் பேசுகிறாள். கோதண்டபாணி தம்பி என்று நான் சொன்னதும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதாப்பா?" என்றாள்.

இடி விழுந்து கோபுர மூலை பிளந்திருந்ததாம். அதைச் செப்பனிட அண்ணன் வந்தார். கடைசிக் கல்லை ஏற்றிய அன்று அடைமழை. சாரக் கயிறு நனைந்து நழுவி, சாரம் சரிந்துவிட்டதாம். நான் அந்த உயரத்தைப் பார்த்தேன். விழுந்தவர் பேசவில்லையாம். கோவிலுக்குப் பின்னால் அவர்கள் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அதில் வடக்குச் சுவரோரம் வைத்திருக்கிறார்கள்.

விபூதி கேட்டீர்களே. ஞானம்மாள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "பாதிரியாரு சிலுவ வச்சிரலாமான்னு கேட்டாரு. தெனம் நெத்தி நெறய பூசிக்கினு வர்ற ஆளுங்க, வாணாம்னு நான் சொல்லிட்டேன். அவரு பையில ஒரு பொட்டலம் இருந்திச்சு. நாலு மூலையும் உள்ள மடிச்சு, நூலில்லாம. நான் ஏசுவக் கும்புடற வேதக்காரிதான். இருந்தாலும் நானே எடுத்துப் பூசி வுட்டேன்பா." நூல் இல்லாமல் நாலு மூலையையும் உள்ளே மடிக்கிறது யார் கை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

என்னைப் பற்றி அவர் பேசியிருக்கிறார். படியில் பேர் வெட்டிய கதையை ஞானம்மாளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம். "எந்தம்பி அழிச்சான் பாருங்க, ஒரு தடம் தெரியல. நைனா பாத்திருந்தா மெச்சியிருப்பாரு" என்றாராம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடுவேன் என்றும் சொன்னாராம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. ஏன் சொல்லவில்லை?

ஞானம்மாள் என்னைப் பாதிரியாரிடம் கூட்டிப்போனாள். அவர் நான் யார் என்று கேட்டுவிட்டு, எழுந்து ஒரு தகரப் பெட்டியைத் திறந்து ஒரு உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். மேலே இங்கிலீஷில் முகவரி. குறுக்கே சிவப்புக் காவிக்கட்டியால் தமிழில் ஒரு வார்த்தை. "வேண்டாம்."

அது என் எழுத்து, அண்ணி.

1942 மார்கழி. மலையடிவாரத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வந்து, "குன்னூர்ல இருந்து இங்கிலீஷ்ல வந்திருக்குது, கோதண்டபாணி ஊட்டாருக்குன்னு போட்டிருக்குது" என்றார். இங்கிலீஷில் எழுதவைத்து அனுப்புகிறாரா, அவ்வளவு ஜம்பமா என்று பற்றிக்கொண்டு வந்தது. அவர் விட்டுப் போன உளிகளைக் கேட்டு எழுதியிருப்பார் என்று நினைத்தேன். கல்லில் கோடு போடக் கையில் இருந்த காவிக்கட்டியால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். பிரிக்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து உங்களிடமும் சொல்லவில்லை.

பாதிரியார் தமிழில் மெதுவாகச் சொன்னார். வீட்டார் வேண்டாம் என்று எழுதிவிட்டதால் மறுபடி எழுதவில்லையாம். யாராவது என்றைக்காவது வந்தால் தெரியட்டும் என்றுதான் ஊர்ப் பெயரோடு கல் வைத்தார்களாம்.

நான் குன்னூருக்கு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். சுவர் வேலை ஒரு சாக்கு. அந்த உறை குன்னூரிலிருந்து வந்தது எனக்கு நினைவிருந்தது. நீங்கள் மூன்று வருஷமாகப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பதைப் பார்க்க முடியாமல், எப்படியாவது தேடிப்பிடித்துக் காலில் விழுந்து கூட்டிவந்துவிடலாம் என்று வந்தேன். ஞாயிறுதோறும் கல் கல்லாகத் தேடினேன். கிடைத்தும் படிக்கத் தெரியவில்லை எனக்கு.

மன்னிப்பு என்று எழுத எனக்கு முகம் இல்லை. வாங்க மறுத்த அந்தக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை. அது உங்களுக்கு வந்த கடிதம்.

ஜெகநாதன்


திருத்தணி,
ஆவணி 6

ஜெகநாதனுக்கு,

தம்பி என்று எழுத வரவில்லை. எழுதிப் பார்த்தேன், பேனா நின்றுவிட்டது.

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. நாலு நாளும் உன்னை வாய்விட்டுத் திட்டினேன். சுவரைப் பார்த்துத் திட்டினேன். ஒரு வார்த்தை, காவிக்கட்டியில் ஒரே வார்த்தை எழுதி என் மூன்று வருஷத்தை எடுத்துக்கொண்டுவிட்டாய். நான் அழ வேண்டிய நேரத்தில் அழ விடவில்லை நீ. ஊரார் வந்து துக்கம் கேட்க வேண்டிய நேரத்தில் என்னைச் சர்க்கரை வழங்க வைத்தாய். இதை நான் மன்னிப்பேனா என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று பொய் எழுதமாட்டேன்.

உறையைப் பிரித்தேன். நாகேந்திரன் வீட்டுக்கே வந்து படித்துச் சொன்னார். கல்லில் இருக்கிறதேதான், கொஞ்சம் கூடுதலாக. நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர், தினமும் வேலை தொடங்கும் முன் தெற்கே பார்த்துக் கும்பிடுவார் என்று எழுதியிருக்கிறார்கள். திருத்தணி குன்னூருக்குத் தெற்கு இல்லையாமே. நாகேந்திரன் சொன்னார். திசை தெரியாமல் கும்பிட்டிருக்கிறார் மனிதர். அதைக் கேட்டுத்தான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன்.

அன்று சாயங்காலமே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். ரத்தினம்மாள் வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். என் அண்ணன் பள்ளிப்பட்டிலிருந்து கோடிப் புடவை கொண்டு வந்தான், அவன் தறியிலேயே நெய்தது. நெய்யும்போது எதற்கென்று தெரியாமல் நெய்ததாம். செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். இப்போது என் நெற்றியில் விபூதி மட்டும் இருக்கிறது. அதை நானே மடித்த பொட்டலத்திலிருந்து எடுத்து இட்டுக்கொண்டேன்.

கழற்றின தாலியில் கொஞ்சம் பொன் இருந்தது. அதை என்ன செய்வது என்று எல்லாரும் யோசனை சொன்னார்கள். அம்முவுக்கு வை என்றார்கள். நான் கேட்கவில்லை. நேற்றுக் காலை மலைக்குப் போய்த் தேவஸ்தான ஆபீசில் கொடுத்துவிட்டேன். இரண்டாம் மண்டபத்துக்கு மேலே ஏழாவது படி இன்னும் உபயம் இல்லாமல்தான் இருக்கிறதாம். "எந்தப் பேர்லமா?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். "கோதண்டபாணி உபயம்" என்றேன். ரசீதில் அப்படியே எழுதிக் கொடுத்தார். அவர் இருக்கிறாரா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. இங்கே அது வழக்கமில்லை.

பிறகு அந்தப் படியில் போய் உட்கார்ந்து மூலையைத் தடவிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். சுத்தமாகத்தான் அழித்திருக்கிறாய்.

நீ வா. சுவர் வேலையை யாரிடமாவது விட்டுவிட்டு வா. பங்காரு மேஸ்திரியிடம் நான் பேசிவிட்டேன். ரசீதைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். இனி அந்தப் பேரை அழி என்று சொல்ல அவராலும் முடியாது, யாராலும் முடியாது. மூலையில் காசு அகலத்துக்கு இல்லை. படி நடுவில், ஒரு சாண் உயரத்துக்கு, தமிழில் வெட்ட வேண்டும். வேறு யாரிடமும் அந்த உளியைக் கொடுக்க விடமாட்டேன். அழித்த கைதான் வெட்ட வேண்டும்.

வீட்டுக்கு வராதே. உன்னோடு பேச என்னால் இப்போது முடியாது. மண்டபத்திலேயே தங்கிக்கொள். மத்தியானம் சோறு கொண்டுவந்து படியோரம் வைப்பேன். பேசாமல் வைத்துவிட்டுப் போவேன். நீ சாப்பிட வேண்டும்.

அங்கே மலை மேல் அவர்கள் வழக்கப்படி அவருக்குக் கல் வைத்துவிட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஞானம்மாளுக்கு நான் மடித்த விபூதிப் பொட்டலம் ஒன்று அனுப்புகிறேன். பூச வேண்டாம், வைத்துக்கொள்ளட்டும்.

நம் ஊர்க் கல்லில் பேர் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். வந்து வெட்டு.

தேவகி